தையலுக்கு அரை அங்குலம்

மீட்டர்காரர் ஒரு கணக்கைச் சொல்ல ஆரம்பித்துவிட்டால் முடிக்காமல் விடமாட்டார். கேட்பவர் நடுவில் எழுந்து போனாலும் பரவாயில்லை, திரும்பி வரும்வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து எழுதுகிற வேலை அவருக்கு. எண் என்ன காட்டுகிறதோ அதை எழுத வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அவர் மனைவியின் உயிரை அதுதான் வாங்கியது.

அவளைத் தெருவில் தையலக்கா என்பார்கள். வீட்டின் பின்னறையில் மிஷின் போட்டு, பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். அந்த அறைக்குப் பின்னால் தகர வேலி ஒன்று இருந்தது. போன முறை அடித்த பெருங்காற்றில் அது பிய்த்துக்கொண்டு போய்ச் சந்தில் விழுந்தது. அன்றிலிருந்து சந்தில் போகிறவர்கள் எல்லாம் உள்ளே எட்டிப் பார்த்தார்கள், வெள்ளைச் சட்டைகளில் புழுதி படிந்தது, ஒரு நாய் வந்து வெட்டி வைத்த துணிமேல் சுகமாகப் படுத்துத் தூங்கிவிட்டுப் போனது. சுவர் கட்டாமல் இனி முடியாது என்று ஆகிவிட்டது.

சுவர் என்றதும் தையலக்காவின் அண்ணன் வந்து நின்றார். அண்ணன் சொந்தமாக இரண்டு வீடு கட்டியவர். அதற்குப் பிறகு ஊரில் யார் எதைக் கட்டினாலும் தான் இல்லாமல் நடக்காது என்று நினைப்பவர். தங்கை புருஷனுக்கு அவர் வைத்திருந்த பெயர் பத்தாக்குறை மாப்பிள்ளை. சும்மா வைக்கவில்லை. ஒருமுறை வீட்டு விசேஷத்துக்கு அறுபது பேரைக் கூப்பிட்டு, மீட்டர்காரர் அறுபதே அறுபது நாற்காலி எடுத்தார். கூப்பிட்டவர்கள் கூப்பிடாதவர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அண்ணன் நின்றுகொண்டே சாப்பிட்டார், அதை இன்றுவரை மறக்கவில்லை. இன்னொருமுறை கூடத்துக்குப் பெயின்ட் வாங்கியதில் கடைசி ஒரு முழம் பத்தாமல் போய், இரண்டாவது டப்பா வேறு நிறமாக இருந்தது. அந்த இடத்தை மறைக்க ஓர் அலமாரி வாங்க வேண்டியதாயிற்று. "டப்பாவுல போட்டிருந்த அளவு தப்பு" என்று மீட்டர்காரர் சொன்னார். டப்பாவைத் திட்டி என்ன பயன் என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

இந்த முறை அவர் முந்திக்கொண்டார். சாப்பிட்டுக் கை கழுவியவர் துண்டைக்கூட எடுக்காமல் நின்று சொன்னார்.

"இந்தச் சுவர என்கிட்ட விடும்மா. என்னென்ன வாங்கணும், எவ்வளவு வாங்கணும்னு நானே கணக்குப் போடுறேன். இதுவும் தப்பாப் போச்சுன்னா, மாடியில ரூம் எடுக்குற விஷயத்துல நான் வாயே திறக்கல. மச்சானே முழுசாப் பாத்துக்கட்டும்."

மகள் படிப்பை முடித்துவிட்டு வருவதற்குள் மாடியில் ஓர் அறை எடுக்க வேண்டும் என்பது இருவரும் சேர்ந்து பல வருஷமாகச் சேர்த்து வைத்த ஆசை. அதை அவர் பந்தயத்தில் வைத்தது அவளுக்குத் திக்கென்றது. தன் வீட்டில் தனக்கு ஒரு சொல் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள இந்த மனிதர் ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது. சரி என்றாள்.

மறுநாள் அவர் நாடாவைப் பிடித்துச் சந்தில் குனிந்தும் நிமிர்ந்தும் அளந்தார். அளந்ததையே திரும்ப அளந்தார். பிறகு பின்னறைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் வாயில் நாலு குண்டூசியைக் கடித்துக்கொண்டு ஒரு பாவாடைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். குண்டூசி வாயில் இருந்தால் எதிர்த்துப் பேச முடியாது என்று தெரிந்துதான் மனிதர் அந்த நேரத்தில் வருகிறாரோ என்று அவளுக்குச் சந்தேகம்.

"அஸ்திவாரமும் தூணும் பழைய வேலிக்குப் போட்டதே இருக்கு, கொத்தனார் பாத்துட்டு நல்லாருக்குன்னுட்டாரு. நடுவுல கல்லு வைக்கிறதுதான் வேலை. தூணக் கழிச்சா நீளம் அறுபத்தி நாலு அடி. உயரம் ஆறு அடி. சிமென்ட் கல்லு ஒண்ணு பதினஞ்சரை அங்குல நீளம், ஏழரை அங்குல உயரம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல சாந்து அரை அங்குலம்."

வாசலில் யாரோ சீருடை கேட்டு வந்தார்கள். அவள் எழுந்து போய், இன்னும் பொத்தான் வைக்கவில்லை என்று சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டு வந்தாள். அவர் காத்திருந்து தொடர்ந்தார்.

"ஆக ஒரு வரிக்கு நாப்பத்தி எட்டுக் கல்லு. ஒம்பது வரி. நானூத்தி முப்பத்தி ரெண்டு. நாலடி கேட் வருது, அதுக்கு வரிக்கு மூணுன்னு இருபத்தேழு போச்சு. நானூத்தி அஞ்சு. உடையிறதுக்கும் வெட்டுறதுக்கும் இருபது. மொத்தம் நானூத்தி இருபத்தஞ்சு. சிமென்ட் நாலு மூட்டை. மணல் சின்ன வண்டியில ஒரு நடை. காலையில நான் ரவுண்டுக்குப் போயிடுவேன், கல் கடைக்கு நீயே போன் பண்ணிச் சொல்லிடு."

"ம்" என்றாள், குண்டூசியோடு.

அவர் போன பிறகுதான் அவளுக்கு உறுத்தியது. அவர் சொன்னதில் அவள் காதில் நின்றது ஒன்றே ஒன்று, அரை அங்குலம். அரை அங்குலம் என்றால் என்ன என்று அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். துணியும் துணியும் சேருகிற ஒவ்வொரு இடத்திலும் தையலுக்கு அரை அங்குலம் விட வேண்டும். விடாமல் வெட்டினால் சட்டை பிடிக்கும், கை ஏறாது, வாங்கியவர் திட்டுவார். இத்தனை வருஷத்தில் தையலுக்கு விடாமல் வெட்டியவர்களை அவள் பார்த்திருக்கிறாள். அவர்கள் யாரும் தையல்காரியாக நீடித்ததில்லை. சுவரில் நாற்பத்தெட்டுக் கல் சேர்ந்தால் நாற்பத்தேழு இடத்தில் தையல் வருகிறது. இந்த மனிதர் அதற்கு விட்டாரா? உடைவதற்கு இருபது என்றார், வெட்டுவதற்கு என்றார், தையலுக்கு என்று ஒரு வார்த்தை வரவில்லையே.

வெட்டுகிற மேசைமேலேயே சாக்பீஸால் போட்டுப் பார்த்தாள். வரிக்கு நாற்பத்தேழு அரை அங்குலம் என்றால் கிட்டத்தட்ட இரண்டு அடி, ஒன்றரைக் கல். ஒன்றரைக் கல் யாரும் கொடுக்கமாட்டார்கள், இரண்டு என்று வை. ஒன்பது வரிக்குப் பதினெட்டு. உயரத்திலும் தையல் இருக்கிறதே, அது நாலு அங்குலத்தைத் தின்றுவிடும். அரை வரி கட்டிவிட்டு நிறுத்த முடியாது, ஒரு முழு வரி கூட வேண்டும். நியாயமாகப் பார்த்தால் தையலுக்கு இரண்டு பக்கமும் விட வேண்டும். போகட்டும் என்று ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொண்டாள். மொத்தமாக எழுபத்தைந்து சேர்த்தால் ஐந்நூறு, சொல்லவும் வாகாக இருந்தது.

அவரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். நாடாவை எடுத்துக்கொண்டு வந்து அறுபத்து நாலு அடியிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார். அதைக் கேட்க அவளுக்குத் தெம்பு இல்லை. பத்தாமல் போய் அண்ணன் முன்னால் அவர் தலைகுனிவதைவிட, தெரியாமல் தான் சேர்த்துவிடுவது அவருக்கும் நல்லது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். போனில் ஐந்நூறு என்று சொன்னாள்.

வந்தது அறுநூறு. லாரிக்காரர் இறக்கிவிட்டுப் போனபோது வீட்டு வாசலில் கால் வைக்க இடமில்லை. மீட்டர்காரர் சாயங்காலம் வந்து, பையைக்கூட இறக்காமல் கல் அடுக்கைச் சுற்றி வந்து எண்ணினார். எண்ணாமல் இருப்பாரா?

"அறுநூறு இருக்கே" என்றார்.

அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. தான் சொன்னது ஐந்நூறுதானே, மேலே நூறு எங்கிருந்து முளைத்தது? கடைக்காரன் தலையில் கட்டிவிட்டான் போலிருக்கிறது. ஆனால் அதைச் சொல்லப் போனால் ஐந்நூறையும் சொல்ல வேண்டும். வாய் தானாக ஒரு வழியைக் கண்டுபிடித்தது.

"கொத்தனார்தான் கடையில சொன்னாராம். நீங்க சொன்னது பத்தாதாம். அறுநூறு வேணும்னுட்டாராம்."

அவர் பையை மெல்ல இறக்கி வைத்தார். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தி, விஷயம் அன்றே வெளியே வந்திருக்கும். அவர் கத்துகிறவர் இல்லை. "கொத்தனார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததைப் பார்க்க அவளுக்கு எரிச்சலும் பாவமும் மாறி மாறி வந்தன. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் சந்தில் போய் நாடாவைப் பிடிப்பார். சாயங்காலம் வந்ததும் மறுபடி பிடிப்பார். ஒரு கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதன் நீளத்தை அளப்பார். சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே உதடு அசையும், அறுபத்தி நாலு, நாப்பத்தி எட்டு என்று. கொத்தனாரிடம் நேரே போய்க் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். ஆனால் தன் கணக்கு எங்கே ஓட்டை என்று இன்னொருவரிடம் போய்க் கேட்க அவருக்கு வெட்கம்.

"விடுங்களேன், கல்லுதான் வந்துடுச்சே" என்றாள் அவள், பொறுக்கமாட்டாமல்.

"வந்துடுச்சு. எங்க தப்பு பண்ணினேன்னுதான் தெரியல. எப்பிடிப் போட்டாலும் நானூத்தி இருபத்தஞ்சுதான் வருது. நூத்தி எழுபத்தஞ்சு எப்பிடி விட்டுப்போகும்? இது கண்ணுக்குத் தெரியாத தப்பு இல்லையே."

பிறகு அவரே போனை எடுத்து மச்சானிடம் பேசினார். மாடி அறையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், கல் எவ்வளவு, கம்பி எவ்வளவு எல்லாம் உங்கள் பொறுப்பு, எனக்கு அதெல்லாம் வராது என்றார். எனக்கு வராது என்று அவர் சொன்னது அவளுக்கு மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. வாய்விட்டுச் சொல்லிவிடலாமா என்று கால் மிதியை நிறுத்தினாள். ஆனால் கணக்கு தப்புதானே, தையலுக்கு விடாதது விடாததுதானே என்று நினைத்து மறுபடி மிதித்தாள்.

கொத்தனார் வந்து வேலையை ஆரம்பித்தார். அவர் பேசுவதை மிச்சம் பிடிக்கிறவர். கயிறு கட்டினார், சாந்து குழைத்தார், கல் வைத்தார். பின்னறை ஜன்னல் வழியே தையலக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். கொத்தனார் ஒரு கல்லை வைத்தார். அதன் பக்கவாட்டில் கரண்டியால் சாந்தை அப்பினார். அடுத்த கல்லை அந்தச் சாந்தோடு ஒட்டி அழுத்தித் தட்டினார். இரண்டு கல்லுக்கும் நடுவில் சாந்து அரை அங்குலத்துக்குப் பட்டையாக நின்றது. கொத்தனார் பிதுங்கியதை வழித்துவிட்டு மூன்றாவது கல்லை எடுத்தார்.

அவள் கையில் கத்தரிக்கோல் அப்படியே நின்றுவிட்டது. துணியில் தையல் உள்ளே போகும், சேரச் சேரக் குறையும். இங்கே எதுவும் உள்ளே போகவில்லை. கல் தன் முழு நீளத்தோடு நிற்கிறது, சாந்து அதற்கு மேலே ஏறிக்கொள்கிறது. சேரச் சேர நீளம் கூடுகிறது. தையலுக்கு என்று கல் கூட்ட வேண்டியதே இல்லை, பார்க்கப் போனால் குறைக்க வேண்டும். பதினைந்தரையும் அரையும் பதினாறு. அவர் அதைத்தான் சொன்னார். குண்டூசியைக் கடித்துக்கொண்டு ம் என்றவள் அவள்தான்.

அவளுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. தன்மேல் வந்த கோபத்தைத் தன்மேலேயே காட்ட முடியாமல், மிஷினைத் திட்டினாள், நூலைத் திட்டினாள், ஜன்னலை அடித்துச் சாத்தினாள். இன்று சொல்லிவிடுகிறேன் என்று நினைப்பாள். அவர் வந்ததும், சாப்பிடட்டும் என்று தள்ளிப்போடுவாள். சாப்பிட்டதும் அவர் நாடாவை எடுப்பார். அதைப் பார்த்ததும் எழுந்து மிஷினடிக்குப் போய்விடுவாள். இவ்வளவு தூரம் போன பிறகு எந்த முகத்தோடு சொல்வது? சொல்லாமல் சொல்லாமல் சுவர் தோளுக்கு வந்தது, தலைக்கு வந்தது, முடிந்தும் விட்டது.

சுவர் முடிந்த அன்று அண்ணன் வந்தார். வாசலில் குவிந்து கிடந்த மிச்சக் கல்லைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டியிருந்தது. தாண்டும்போது வேட்டி ஒரு கல்லில் மாட்டிக்கொண்டது. அவருக்குப் பேச அது போதும்.

"என்ன மாப்பிள்ளை, இதுவரைக்கும் எதுவும் பத்தாம போகும். இப்ப இவ்வளவு மிஞ்சிக் கெடக்கு. உங்க கணக்கு ஒண்ணு பள்ளத்துல விழும், இல்ல மேட்டுல ஏறும், ரோட்டுல போகவே போகாதா? மாடியப் பத்தி நல்ல முடிவு எடுத்தீங்க. நான் பாத்துக்குறேன்."

மீட்டர்காரர் மிச்சக் கற்களின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தார். அண்ணன் பேசி முடிக்கும்வரை எண்ணினார். கொத்தனார் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். தையலக்கா வாசற்படியில் நின்றாள்.

"நூத்தி எழுபத்தெட்டு" என்றார் மீட்டர்காரர். சுவர் இருந்த பக்கம் பார்த்தார். பிறகு கொத்தனார் பக்கம் திரும்பினார். "அப்ப சுவருக்குப் போனது நானூத்தி இருபத்தி ரெண்டு. கொத்தனாரே, தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க ஏன் அறுநூறு வேணும்னு சொன்னீங்க?"

கொத்தனார் கரண்டியோடு நிமிர்ந்தார். "நானா? நான் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லலீங்க. எறக்கிருந்த கல்லப் பாத்து, உள்ள இன்னொரு சுவர் எடுக்கப் போறீங்கன்னு நெனச்சேன்."

மீட்டர்காரர் மனைவியைப் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. ஏதோ ஒரு மீட்டரில் எண் புரியாமல் நிற்கிற மாதிரி பார்த்தார்.

"நான்தாங்க" என்றாள். சொல்ல ஆரம்பித்ததும் எல்லாம் சேர்ந்து வந்தது. "நான்தான் எழுபத்தஞ்சு சேத்துச் சொன்னேன். சாந்துக்கு நீங்க விடலைன்னு நெனச்சேன், துணிக்கு விடுறாப்புல. நீங்க சொன்னப்ப நான் காதுல வாங்கல. கொத்தனார் சொன்னாருன்னதும் பொய். மீதி நூறு எங்கேந்து வந்துச்சுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"அது நான்தான்" என்றார் அண்ணன், கொஞ்சமும் கூசாமல். "கல் கடைக்காரர் நமக்குத் தெரிஞ்சவருதானே. மாப்பிள்ளை வீட்டு ஆர்டர் வந்தா மேல ஒரு நூறு போட்டு அனுப்புன்னு சொல்லி வச்சேன். எல்லாம் நல்லதுக்குத்தான். பத்தாம போயிருந்தா யாரு ஓடுறது?"

"பத்துச்சுல்ல" என்றாள் தங்கை. "அவர் சொன்ன நானூத்தி இருபத்தஞ்சே போதுமா இருந்து, மூணு மிஞ்சியும் இருக்குல்ல. மூணு மிஞ்சியிருக்குண்ணே."

அண்ணனிடம் அவள் இப்படிக் குரலை உயர்த்தியது கிடையாது. அவர் ஒரு நிமிஷம் திகைத்துப் போனார். பிறகு, இதெல்லாம் சகஜம் என்பதுபோல் கையை வீசிவிட்டு, வந்த வேலையைப் பார்க்கிறேன் என்று மாடிப்படி ஏறினார். மொட்டை மாடியில் அவர் காலால் எட்டு வைத்து அளப்பது கீழே கேட்டது. "இந்தப் பக்கம் சுமாரா ஒரு ஆறு எட்டு. அந்தப் பக்கம் சுமாரா ஏழு. ஒரு ஆயிரம் கல்லுன்னு வச்சுக்க, கூடக் கொறைய இருந்துட்டுப் போகட்டும்" என்று அவர் தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தையலக்கா புருஷன் பக்கத்தில் போய் நின்றாள். "மாடிய நீங்கதான் எடுக்கணும். அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். உங்க கணக்கு சரியா இருந்துச்சு."

"சரியா இருந்துச்சு" என்றார் அவரும். ஆனால் அதைச் சொன்ன குரலில் சந்தோஷம் இல்லை. "நீ சேத்தது பெருசில்லம்மா. நல்லதுன்னு நெனச்சுச் செஞ்ச. தப்புன்னு நீ சொன்னதும் நான் அத அப்பிடியே நம்பிட்டேன் பாரு. எத்தனை வாட்டி போட்டும் ஒரே விடைதான் வந்துச்சு. ஆனாலும் நான்தான் தப்புன்னு நெனச்சேன். நாளைக்கு யாராவது வந்து சுவர் கோணலா இருக்குன்னு சொன்னா, அதையும் நம்பிடுவேன் போல."

ஒருமுறை இல்லை, இருமுறை இல்லை, இத்தனை வருஷமாக ஒவ்வொருவரும் ஒவ்வொரு சாக்கில் பத்தாது பத்தாது என்று சொன்னது எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. அந்த ஒவ்வொருவரில் முதல் ஆள் தான்தான் என்றும் தெரிந்தது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வர, விறுவிறுவென்று மாடிப்படி ஏறினாள்.

"எறங்குண்ணே" என்றாள். "இங்க சுமாரா எல்லாம் வேண்டாம். அவர் அளக்கட்டும்."

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார்.

அவள் மொட்டை மாடிக் கைப்பிடியைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்துக் கூப்பிட்டாள். "என்னங்க, நாடாவ எடுத்துட்டு மேல வாங்க. ஒரு முனைய நான் பிடிக்கிறேன். நீங்க சொல்லச் சொல்லக் கேக்குறேன்."

அவர் நிமிரவில்லை. வாசலில் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு கல்லாகத் தொட்டு, நூற்று எழுபத்தெட்டையும் மறுபடி முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தார்.